குடிகாரன் என்று எழுதிக் கணக்கை மூடாதீர்கள்

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. ஆணி அதிகம். (மார்ச் கடைசி என்றால் வங்கிக்காரன் கதி என்ன என்று உங்களுக்கே தெரியும்.) இன்றைக்கும் எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காதில் விழுந்த ஒரு வரிதான் எழுத வைக்கிறது. கொஞ்சம் நீளமான, கொஞ்சம் கோபமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரி இதுதான்: "இந்த மெயின்லேண்ட் கூலிக்காரனுங்க சம்பாதிக்கறதே குடிச்சு அழியறதுக்குத்தான் சார்."

சொன்னவர் நல்ல மனிதர். கெட்ட எண்ணம் கிடையாது. டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

புதிதாக வருபவர்களுக்கு: நான் இருப்பது போர்ட் பிளேர். 2024 செப்டம்பரிலிருந்து காகிதத்தில் ஸ்ரீ விஜயபுரம். கவுண்ட்டரில் இன்னும் போர்ட் பிளேர்தான் :-) பி.காம் முடித்து வங்கியில் சேர்ந்து, நாற்பதைத் தாண்டிய பிறகு இங்கே மாற்றலாகி வந்தவன். வீட்டம்மாவும் பெண்ணும் மதுரையில். பெண் பத்தாவது, அதனால் அவர்களைக் கூட்டிவரவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தீவுகளில் மொத்தம் 3,80,581 பேர். அதில் ஏறத்தாழ 15 சதவீதம் தமிழ் பேசுகிறவர்கள். வெற்றிமலை முருகன் கோயில் பங்குனி உத்திரத்துக்கு வந்தால் இது அந்தமானா அருப்புக்கோட்டையா என்று சந்தேகம் வந்துவிடும். ஆனால் நான் பேசப் போவது இங்கே வீடு கட்டி, பிள்ளை பெற்று, ரேஷன் கார்டு வாங்கிவிட்ட தமிழர்களைப் பற்றி இல்லை. கப்பலில் வந்து இறங்கி ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகாத கொத்தனார், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங் ஆள், சித்தாள் பற்றி. ராமநாதபுரம், ஸ்ரீகாகுளம், ராஞ்சி, வங்காளம் என்று எங்கிருந்து வந்தாலும் கதை ஒன்றுதான்.

கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் பாஸ்புக் படிக்கத் தெரியும். எங்கள் கிளையில் ஒருவர் இருந்தார். கமுதிப் பக்கம். பெயர் வேண்டாம், கமுதிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். வந்த புதிதில் மாதா மாதம் பத்தாம் தேதிக்குள் வீட்டுக்கு எட்டாயிரம் அனுப்புவார். ஸ்லிப் எழுதத் தெரியாது, நான்தான் எழுதித் தருவேன். "போட்டாச்சா சார்? இப்ப போயிருக்குமா சார்?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் போவார். ஆறு மாதம் கழித்து எட்டு ஐந்தானது. தேதியும் பத்திலிருந்து இருபதுக்குப் போனது. அப்புறம் இரண்டாயிரம். அப்புறம் ஒன்றுமில்லை. அந்த மாதங்களில் சனிக்கிழமைதோறும் முந்நூறு, இருநூறு என்று எடுத்திருக்கிறார்.

இதைப் பார்த்து நாங்கள் என்ன முடிவுக்கு வந்தோம்? "ஆளு குடிக்க ஆரம்பிச்சுட்டாரு." அவ்வளவுதான். ஒரு மனிதன் ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டிருந்தது எங்கள் கணினியில் வரிசையாகப் பதிவாகியிருந்தது. நாங்கள் அதன் கடைசி வரியை மட்டும் படித்தோம்.

முதல் வரிகளைச் சொல்கிறேன், கேளுங்கள். ஊரில் தங்கை கல்யாணக் கடன். மேஸ்திரி கொடுத்த முன்பணம். கப்பல் டிக்கெட்டும் அதில் சேர்த்தி. இங்கே வந்த பிறகு மழை. இந்தத் தீவில் வருடத்தில் பாதிக்குமேல் மழை மாதம்தான். மழை நாளில் வேலை இல்லை, வேலை இல்லாத நாளில் கூலி இல்லை, சாப்பாட்டுக் காசு மட்டும் கழியும். முன்பணம் குறையவே குறையாது. தகரக் கொட்டகையில் பன்னிரண்டு பேர். தூக்கம் கிடையாது. மனைவியிடம் போனில் "இங்க நல்லாயிருக்கேன், சாப்பாடெல்லாம் நல்லாயிருக்கு" என்று பொய். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு வீடியோவில் முகம் தெளிவாகத் தெரிகிறது. அதனால் முகத்தையும் சேர்த்துப் பொய் சொல்ல வைக்க வேண்டியிருக்கிறது.

திரும்பிப் போகலாமே என்பீர்கள். ரயில் ஏறுகிற ஊரா இது? சென்னைக்குக் கடல்வழியே சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பல் மாதத்துக்குச் சில முறைதான். விமானக் கட்டணத்தைப் பார்த்தால் அதிகாரி எனக்கே தலை சுற்றும். அப்பா செத்த செய்தி வந்தால் காரியத்துக்குப் போய்ச் சேரமுடியாது. போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பையன் அப்பாவின் அடக்கத்தை மொபைலில் பார்த்தான். அன்றைக்கு ராத்திரி அவனோடு கூட இருந்தவர்கள் ஆறுதலாகக் கொடுத்தது ஒரு குவார்ட்டர். வேறு எதைக் கொடுப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

குடி இங்கே நோயாக வந்து சேரவில்லை, மருந்தாகத்தான் வந்து சேர்ந்தது. தூக்க மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டும், குவார்ட்டருக்கு வேண்டாம். மாதம் போகப் போக மருந்தே நோயாகிவிட்டது. பதற்றத்துக்காகக் குடித்தவருக்குக் குடி இறங்கும்போது பதற்றம் இரட்டிப்பாகும், அதற்கு மறுபடி குடிக்க வேண்டும். வட்டிக்கு வட்டி போடுவது என்று எங்கள் பாஷையில் சொல்வோம்.

இன்னொரு கொடுமை. சில மேஸ்திரிகள் சனிக்கிழமை கூலியோடு ஒரு பாட்டிலும் கொடுக்கிறார்கள், கணக்கில் கழித்துக்கொண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 95-ஆவது உடன்படிக்கை, 1949-ஆம் வருடத்தது, மதுவைக் கூலியாகத் தரவே கூடாது, சாராயக் கடையில் வைத்துக் கூலி பட்டுவாடா செய்யவும் கூடாது என்கிறது. முக்கால் நூற்றாண்டுக்கு முன்னாலேயே உலகத்துக்குத் தெரிந்திருந்த விஷயம்.

இப்போது கொஞ்சம் எண்கள். (காமர்ஸ்காரனிடம் எண் இல்லாமல் பதிவு வராது.) தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-இல் தற்கொலை விகிதத்தில் இந்தியாவிலேயே முதலிடம் அந்தமான் நிக்கோபார், லட்சத்துக்கு 39.7. 2022-இல் சிக்கிமுக்கு அடுத்து இரண்டாமிடம், 42.8. அந்த வருடம் தேசிய சராசரி 12.4. ஏறத்தாழ மூன்றரை மடங்கு. சின்ன ஜனத்தொகை, பத்துப் பேர் கூடினாலே விகிதம் எகிறும் என்று ஒரு நண்பர் வாதாடினார். சரி, நாலு லட்சம் ஜனம் என்று வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள், 170 பேருக்குப் பக்கத்தில் வரும். ஒரு வருடத்தில், இத்தனை சின்ன ஊரில். அதுவும் அடுத்தடுத்து இரண்டு வருடம்.

அதே 2022-இல் நாடு முழுக்கத் தற்கொலை செய்துகொண்டவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல், 26.4 சதவீதம், தினக்கூலிகள். தொழில்வாரி அட்டவணையில் தினக்கூலிக்குக் கட்டம் இருக்கிறது. 'ஊரைவிட்டு வந்தவர்' என்று கட்டம் இல்லை. கட்டம் இல்லாத இடத்தில் எண் விழாது. எண் விழாத இடத்துக்கு பட்ஜெட்டில் ஒதுக்கீடும் வராது.

கமுதிக்காரர் கதைக்கு வருகிறேன். ஒருநாள் அவரே முடிவெடுத்தார், ஊருக்குப் போய்விடலாம் என்று. நல்ல முடிவு. ஹேடோ ஜெட்டியில் கப்பல் ஏறினார். பங்க் கிளாஸ். கப்பலில் மது கிடையாது. "இனிமே தொடமாட்டேன்" என்று கூட வந்தவர்களிடம் சத்தியமும் செய்தார்.

இங்கேதான் நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. பல மாதம் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாதது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். இப்போது சென்னைக் கப்பல் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். இரண்டரையிலிருந்து மூன்று நாள். சொல்லிவைத்த மாதிரி நடுக்கடலில் வந்து சேரும் நோய் இது.

இரண்டாம் நாள் ராத்திரி அவர் செத்துப்போன தன் அம்மா தண்ணீரிலிருந்து கூப்பிடுகிறாள் என்று மேல்தளத்துக்கு ஓடினாராம். மூன்று பேர் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். "பேய் புடிச்சிருச்சு, ஊருக்குப் போனதும் கோயில்ல விடணும்" என்று பேச்சு. பிழைத்துவிட்டார். இறங்கியதும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். படிப்படியாகக் குறைக்கிற மாத்திரையும் பி-1 வைட்டமினும் கொடுத்து ஒரு வாரத்தில் ஆளைத் தேற்றிவிட்டார்கள். பேய் இல்லை என்று அவர் மனைவிக்கு அப்போதுதான் தெரிந்தது. இப்போது ஊரில் ஆடு மேய்க்கிறார். கடன் இன்னும் பாக்கி.

எல்லோரும் பிழைப்பதில்லை. இன்னொருவர், வயது 29, இங்கேயே கொட்டகையில் உயிரை விட்டுவிட்டார். அவருக்கு இருபது ரூபாய் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் கையெழுத்து வாங்கியவன் நான்தான். 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டில் சேர்க்கவில்லை. அன்றைக்குக் கணக்கில் இருந்தது நானூறுக்கும் கீழே. எனக்கும் அன்றைக்கு எண்ணிக்கை காட்டினால் போதும் என்றிருந்தது. விபத்துக் காப்பீட்டில் தற்கொலைக்குப் பணம் கிடையாது. அவர் மனைவி போனில் கேட்டார்: "சார், அவர் என்னமோ பாங்க்ல போட்டு வச்சிருக்கேன்னு சொன்னாரு, கிடைக்குமா சார்?" நான் விதிமுறையைச் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். ஆனால் என் வாழ்நாளில் அவ்வளவு மோசமான தமிழ் பேசியதில்லை.

இப்போது என் கதை. மறைப்பதற்கில்லை. வந்த முதல் வருடம் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். குவார்ட்டர்ஸில் தனியாள். முதலில் ஞாயிறு மட்டும், பிறகு வெள்ளி சனி ஞாயிறு, பிறகு கிழமை பார்ப்பதில்லை. ஐஸ், வறுத்த முந்திரி, இளையராஜா பாட்டு, எல்லாம் முறையாக. கமுதிக்காரரை "குடிக்க ஆரம்பிச்சுட்டாரு" என்று சொன்ன அதே மாதங்களில் நானும் குடித்துக்கொண்டுதான் இருந்தேன். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "சாருக்கு ஃபேமிலி இங்க இல்ல, பாவம், டென்ஷன்" என்றார்கள். அவருக்கும் ஃபேமிலி இங்கே இல்லைதானே ஐயா! ஒரே தனிமை, ஒரே திரவம். எனக்கு டென்ஷன், அவருக்குக் கொழுப்பு. என்ன நியாயம் இது?

விடுமுறையில் மதுரை போனபோது வீட்டம்மா கண்டுபிடித்துவிட்டார். சண்டை போடவில்லை. மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டு, "நானும் கூட வர்றேன், வாங்க" என்றார். எனக்கு விடுப்பு இருந்தது, விமான டிக்கெட் இருந்தது, வீட்டம்மா இருந்தார். கமுதிக்காரருக்கு இவற்றில் எது இருந்தது?

எதிர்வாதத்துக்கு வருவோம். "அப்படியானால் கடையை மூடிவிட வேண்டியதுதானே?" இது எல்லா ஊரிலும் கேட்கும் குரல். இங்கே மது விற்பதில் அரசு நிறுவனத்துக்கே பெரிய பங்கு. நம் ஊர் டாஸ்மாக்கைச் சொல்லவே வேண்டாம், 2003-இலிருந்து சில்லறை விற்பனையும் அரசு கையில். விற்கிறவர்களே நிறுத்தினால் நல்லதுதானே என்று தோன்றும். 2020 மார்ச்சில் ஊரடங்கில் ஒரே நாளில் எல்லாம் நின்றது. கேரளத்தில் என்ன ஆனது? மது கிடைக்காமல் சிலர் தற்கொலை செய்துகொண்டதாகச் செய்திகள் வந்தன. டாக்டர் சீட்டுக்கு மது தரலாம் என்று அரசு ஆணை போட, ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. சிகிச்சை ஏற்பாடு இல்லாமல் பூட்டுப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

சிங்கப்பூரைப் பாருங்கள். 2013 டிசம்பர் 8, ஞாயிறு. லிட்டில் இந்தியாவில் 33 வயதுத் தமிழ்த் தொழிலாளி ஒருவர் பஸ் சக்கரத்தில் சிக்கி இறக்க, கலவரம். விசாரணைக் குழு மதுவையும் ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னது. 2015-இல் சட்டம் வந்தது, ராத்திரி பத்தரைக்கு மேல் சில்லறை விற்பனை கிடையாது, லிட்டில் இந்தியாவில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. குடி பிரச்சினைக்கு இரண்டு வருடத்தில் சட்டம். அதே தொழிலாளர்களின் மனநலத்துக்கென்று தனித் திட்டக்குழு வந்தது 2020 நவம்பரில், கோவிட் காலத்தில் விடுதிகளுக்குள் அடைபட்டு அவர்கள் தவித்த பிறகு. பாட்டில் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அதைப் பிடித்திருந்த மனிதன் தெரிய இன்னும் ஐந்து வருடம் ஆகிறது. பணக்கார நாட்டிலேயே அப்படி.

"அவனவனுக்கு என்று பொறுப்பு இல்லையா? அதே கொட்டகையில் குடிக்காதவனும் இருக்கிறானே?" நியாயமான கேள்வி. பொறுப்பு இருக்கிறது. கமுதிக்காரர் அனுப்பாத பணத்துக்கு அவர் பெண்ணின் படிப்பு நின்றது, அதை யாரும் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் கடன் வாங்கியவர் தவணை தவறினால் நாங்கள் என்ன செய்கிறோம்? முதல் தவணையிலேயே போன் செய்கிறோம். இரண்டாம் தவணைக்கு வீட்டுக்கே ஆள் அனுப்புகிறோம். மூன்றாவதுக்குள் கணக்கு மோசமாகிறது என்று மேலே தகவல் போய்விடும். பணம் கெட்டுப்போவதை 90 நாளில் கண்டுபிடிக்க ஏற்பாடு இருக்கிறது. ஆள் கெட்டுப்போவதைக் கண்டுபிடிக்க ஏற்பாடு ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

ஏற்பாடு அசாத்தியம் என்று யாரும் சொல்லவேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் குழுவினர் இந்தத் தீவுகளுக்கே வந்து முகாம்களில் மனநலப் பணி செய்தார்கள், உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். அப்போது முடிந்தது. ஒரே காலையில் வந்த அலை என்பதால் எல்லோருக்கும் தெரிந்தது. தினம் ஒரு அங்குலமாக ஏறுகிற தண்ணீர் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

2019-இல் எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு சொல்வது: மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. இது நாட்டுக் கணக்கு. இந்தி அரைகுறையாகத் தெரிந்த கமுதிக்காரர் டாக்டரிடம் 'நெஞ்சு படபடங்குது, யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு' என்பதை எந்த மொழியில் சொல்வார்?

அதனால் நான் கேட்பது இவைதான், பெரிதாக ஒன்றுமில்லை.

ஒன்று, ஹேடோவில் கப்பல் ஏறும் இடத்தில் ஒரு மேசை, ஒரு செவிலியர், ஒரே கேள்வி: 'தினமும் குடிப்பீங்களா, கடைசியா எப்போ?' நடுக்கடலில் உயிர் போகாது.

இரண்டு, கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996-இல் வந்தது. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் நலநிதிக்கு வசூலாகிறது. அந்தப் பணத்தில் தமிழ், தெலுங்கு, வங்காளம், சாத்ரி பேசும் ஆலோசகர்களைப் போடலாம்.

மூன்று, 1979-ஆம் வருடத்து வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்தில் ஊரைவிட்டு வருவதற்கென்றே ஒரு இடப்பெயர்ச்சிப் படி இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பில் அந்தப் படி இல்லை. பயணப்படி இருக்கிறது, வருடாந்திர இலவச உடல் பரிசோதனை இருக்கிறது. அந்தப் பரிசோதனையில் மனதையும் சேருங்கள். இரத்த அழுத்தம் பார்க்கும்போதே தூக்கம் வருகிறதா என்று கேட்க எத்தனை நிமிடம் ஆகும்?

நாலு, கூலியை பாட்டிலாகக் கொடுக்கும் மேஸ்திரியின் லைசென்ஸைப் பிடுங்குங்கள்.

ஐந்து, நம்மைப் போன்றவர்களுக்கு. 14416 என்ற எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ். காசு கிடையாது, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். தற்கொலைக்கு முயன்றவரை போலீஸ் கேஸ் என்று பயமுறுத்துகிறவர்களிடம் 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே சட்டம் கருதுகிறது, சிகிச்சை தருவது அரசின் கடமை.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. செல்லுலார் சிறை ஒலி-ஒளிக் காட்சிக்கு டிக்கெட் வாங்கிப் போகிறோமே, அங்கே 1912-இல் இந்துபூஷண் ராய் என்ற இளைஞர் செக்கிழுத்து முடியாமல் உயிரை மாய்த்துக்கொண்டார். உல்லாஸ்கர் தத்துக்குச் சித்தம் கலங்கியது, அவரைப் பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பி, பிறகு சென்னைக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களைக் கைதி என்று மட்டும் ஏட்டில் எழுதிய அரசாங்கத்தை இன்று திட்டுகிறோம். நாம் என்ன எழுதுகிறோம் நம் ஏட்டில்?

நாளைக்கு திங்கள். பத்து மணிக்கு கவுண்ட்டர் திறக்கும். எட்டாயிரம் அனுப்பிக்கொண்டிருந்து ஐந்தாயிரமாகக் குறைந்த ஒரு கம்பி கட்டும் தம்பி இருக்கிறான், பரமக்குடிப் பக்கம். வந்தால் ஸ்லிப் எழுதிக் கொடுத்துவிட்டு, "தூக்கம் வருதாப்பா?" என்று கேட்கப் போகிறேன். வரிசை நீளமாக இருக்கும், மேனேஜர் முறைப்பார். முறைக்கட்டும்.

டிஸ்கி: நான் மருத்துவன் இல்லை. தினமும் குடிப்பவர்கள் இந்தப் பதிவைப் படித்துவிட்டு வீராப்பாக இன்றைக்கே ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கப்பலில் ஏறுவதற்கு முன்னால்.